பள்ளி நல்லதுதான், மனை சரிதானா?

குடியிருப்புத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கூடத்தை அலுவலகமாகவும் படுக்கையறைகளை வகுப்பறைகளாகவும் மாற்றி, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஓர் அறக்கட்டளை பள்ளி தொடங்குவதைத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கலாம். தொடங்குகிறவர்களில் பலர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பாடம் சொல்ல வேண்டும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஓர் இடம் வேண்டும், அடிக்குப் பயப்படாமல் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்று ஏதோ ஒரு நல்ல நோக்கம் இருக்கும். தவறு வரிசையில்தான். முதலில் பெயர்ப் பலகை, அடுத்து மாணவர் சேர்க்கை, பிறகு அங்கீகாரத்துக்கு மனு, அங்கே அதிகாரி “திட்ட அனுமதி எங்கே?” என்று கேட்ட பிறகே மனையைப் பற்றிய யோசனை. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். இந்த மனையில் பள்ளி நடத்தலாமா என்ற கேள்விக்கு எழுத்தில் விடை கிடைத்த பிறகே முதல் குழந்தையைச் சேர்க்க வேண்டும். ஏனென்றால் குழந்தைகள் உள்ளே வந்துவிட்ட பிறகு அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லும் துணிவு அதிகாரிக்கும் இருப்பதில்லை, பெற்றோருக்கும் இருப்பதில்லை, சில நேரம் நீதிமன்றமே தயங்குகிறது.

“நாங்கள் லாப நோக்கில்லாமல் நடத்துகிறோம், எங்களுக்குமா இவ்வளவு கெடுபிடி?” என்று அறக்கட்டளை நிர்வாகிகள் கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இந்தியாவில் சட்டப்படி எந்தப் பள்ளியும் லாபத்துக்காக நடத்தப்படக் கூடாது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கிலும் 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கல்வியை வணிகமாக்க முடியாது என்ற நிலையைத்தான் எடுத்தது; வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளையடிக்கக் கூடாது என்று பின்னதில் கோடு போட்டது. ஆகவே நகரின் மிகப் பெரிய, மிக விலையுயர்ந்த பள்ளியும் காகிதத்தில் ஓர் அறக்கட்டளையோ சங்கமோ நடத்துவதுதான். லாப நோக்கமின்மை எல்லாப் பள்ளிக்கும் பொதுவான தகுதியாக இருக்கும்போது, அதை ஒரு தனிச் சலுகைக்கான காரணமாகக் காட்ட முடியாது. நிலப் பயன்பாட்டுச் சட்டம் நிர்வாகியின் மனதைப் பார்ப்பதில்லை. காலை எட்டரை மணிக்கு அந்தத் தெருவில் எத்தனை வண்டி நிற்கும், தீப்பிடித்தால் எத்தனை நிமிடத்தில் பிள்ளைகள் வெளியே வர முடியும், கழிவுநீர் எங்கே போகும் என்பதைத்தான் பார்க்கிறது. சேவை மனப்பான்மையால் தெரு ஓர் அடிகூட அகலமாகிவிடாது.

சட்டம் என்ன கேட்கிறது என்பதில் குழப்பம் அதிகம், காரணம் மூன்று வெவ்வேறு அனுமதிகளை மக்கள் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார்கள். முதலாவது, அந்த நிலத்தைப் பள்ளிக்குப் பயன்படுத்தலாமா என்பது. இதை ஆள்வது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் கீழுள்ள திட்டக் குழுமங்களும் இதைக் கவனிக்கின்றன. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஒவ்வொரு சர்வே எண்ணையும் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், வேளாண்மை என்று ஏதோ ஒரு வகைப்பாட்டில் வைத்திருக்கும். சட்டத்தின் 47-ஆவது பிரிவு அந்த வகைப்பாட்டுக்கு ஒத்துத்தான் நிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது; 49-ஆவது பிரிவின்படி திட்ட அனுமதி கேட்க வேண்டும். இரண்டாவது, கட்டடம் கட்டுவதற்கான அனுமதி; அதை உள்ளாட்சி அமைப்பு தருகிறது. மூன்றாவது, பள்ளிக்கல்வித் துறையின் அங்கீகாரம். மூன்றில் ஒன்று கையில் இருப்பது மற்ற இரண்டும் இருப்பதாக ஆகாது. “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்” என்ற வாக்கியத்தை நம்பி மனை வாங்கிய அறக்கட்டளைகள் பிற்பாடு படுகிற பாடு, பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றென்று எண்ணியதால் வந்தது.

குடியிருப்பு வகைப்பாடு என்றாலே பள்ளிக்கு இடமில்லை என்பதும் தவறான எண்ணம்தான். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி போன்றவற்றைக் குடியிருப்புப் பகுதிக்கு அந்நியமாகப் பார்ப்பதில்லை. ஐந்து வயதுக் குழந்தை வீட்டுக்கு அருகில்தான் படிக்க வேண்டும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகளே ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. வீடுகள் இல்லாத இடத்தில் பள்ளியை வைத்துவிட்டு இந்த விதியைக் காப்பாற்ற முடியாது. எனவே, குடியிருப்புப் பகுதியில் பள்ளி வரலாமா என்று கேட்பதைவிட, எந்த அளவுப் பள்ளி, எந்த அகலச் சாலையில், எவ்வளவு இடைவெளி விட்டு, எத்தனை மாடியில் வரலாம் என்று கேட்பதே பொருத்தம். கேள்வியை இப்படி மாற்றிக் கேட்கும் அறக்கட்டளைக்கு அலுவலகத்தில் கிடைக்கும் பதிலும் மாறும். வேளாண் நிலம் என்றால் கதை வேறு. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளுக்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் இருக்கின்றன. வேளாண்மைத் துறையின் இசைவு இல்லாமல் அங்கே ஓர் அடி நகர முடியாது. மனை மலிவாக இருக்கிறதே என்று நஞ்சையை வாங்கிவிட்டுப் பிறகு வழி தேடுகிறவர்கள் இரண்டு மூன்று கல்வியாண்டுகளை அதிலேயே தொலைக்கிறார்கள்.

அனுமதியை வெறும் தாள் வேலையாக நினைக்கிறவர்கள் 2004 ஜூலை 16-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. மதிய உணவு சமைத்த இடத்தின் கூரையில் பற்றிய தீ, மாடியில் வகுப்பறைகளுக்கு மேல் போட்டிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்கு இருந்த படிக்கட்டு குறுகல். 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பள்ளி இரவோடு இரவாக முளைத்ததல்ல. ஆண்டுக்கணக்காக ஊர் பார்க்க, அதிகாரிகள் பார்க்க நடந்தது. அரசு நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தது. இந்தத் தீவிபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கட்டடம் பாதுகாப்பானது என்று உறுதி செய்யாமல் அங்கீகாரம் தரக் கூடாது என்றும் கூறியது. இன்று தமிழ்நாட்டில் பள்ளி நிர்வாகிகள் அலுத்துக்கொள்ளும் நான்கு சான்றுகள், அதாவது தாசில்தார் தரும் கட்டட உரிமம், பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றின் கண்டிப்பு அந்த நாளுக்குப் பிறகு கூடியதுதான். கும்பகோணத்தில் கேட்கப்படாமல் விட்ட கேள்விகள் எல்லாம் இடத்தைப் பற்றியவை. மாடிக்கு எத்தனை படிக்கட்டு, அதன் அகலம் எவ்வளவு, சமையலறைக்கும் வகுப்பறைக்கும் இடைவெளி என்ன, கூரை எதனால் ஆனது, இந்தக் கட்டடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பவை. குடியிருப்பாகக் கட்டிய வீட்டைப் பள்ளியாக்கும்போது இதே கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய இரண்டரை அடிப் படிக்கட்டில் நூறு குழந்தைகளை இறக்குவதை எந்த நல்ல நோக்கத்தாலும் ஈடுகட்ட முடியாது.

நல்ல காரியத்துக்காக விதியை வளைக்கலாமா என்பதற்கு நம் நீதிமன்றங்கள் ஏற்கெனவே விடை சொல்லியிருக்கின்றன. பெங்களூர் சதாசிவநகர்ப் பகுதியில் வீட்டுமனைத் திட்டம் ஒன்றில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனையைவிடப் பொதுநலம் வேறென்ன இருக்க முடியும் என்று தோன்றும். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்று அறியப்படும் அதில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு. சட்டம் வகுத்த நடைமுறையைத் தாண்டி, மேலிடத்து உத்தரவின் பேரில் பூங்காவை மருத்துவமனையாக்கியது செல்லாது. பள்ளி நடத்துகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தீர்ப்பு மருத்துவமனையைக் குறைத்துப் பேசவில்லை. திட்டத்தை மாற்றுவதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கும்போது, அந்த வழியில் போகாமல் சிபாரிசில் போனதைத்தான் அது ஏற்கவில்லை. மந்திரி கடிதம், எம்.எல்.ஏ. பரிந்துரை என்று தொடங்கும் பள்ளிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் தருகிறது என்பது உண்மை. ஆனால் 2000-இல் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை விட்டுவைத்தாலும், அதைக் கொண்டு யோசனையில்லாமல் அள்ளிக் கொடுத்த விலக்கு ஆணைகளை ரத்து செய்தது. விலக்கை நம்பிக் கட்டியவர்கள் அதன் பிறகு யாரிடம் போவது?

விலக்குக்கு அடுத்தபடியாக மக்கள் நம்புவது வரன்முறை. “இப்போ கட்டிடுவோம், அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்” என்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரு கட்டுமானக் கோட்பாடு. இதை வளர்த்ததில் அரசுக்கும் பங்குண்டு. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டி முடித்த விதிமீறல் கட்டடங்களுக்கு ஒரே ஒரு முறை என்று சொல்லி 113-ஏ பிரிவு வந்தது. ஒரு முறை என்றது பல முறை நீண்டது. நீட்டிப்புகளை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு 2007 ஜூலை 1 என்ற புதிய தேதியோடு 113-சி வந்தது. திட்டமில்லாப் பகுதிகளில் அனுமதியின்றிக் கட்டிய கல்வி நிறுவனக் கட்டடங்களுக்கு 2011 ஜனவரி 1-க்கு முந்தையவை என்ற வரம்போடு ஒரு சலுகை வந்தது. அனுமதியற்ற மனைகளுக்கு 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவை என்று வேறொரு தேதி. இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறவர் அடுத்த தேதியும் வரும் என்று கணக்குப் போடுவது இயல்பு. ஆனால் எல்லாமே கடந்துபோன தேதிகள். இன்று வாடகைக்கு எடுத்த வீட்டில் இன்று தொடங்கும் பள்ளி இவற்றில் எதற்குள்ளும் அடங்காது. தவிர, வரன்முறை பணத்தைக் கட்டி விதிமீறலை மன்னிக்க வைக்கும். படிக்கட்டை அகலமாக்கித் தராது. மனை வரன்முறையானது என்பதால் மட்டும் அதில் பள்ளி நடத்தலாம் என்றும் ஆகிவிடாது.

இங்கேதான் குழந்தைகளை முன்னால் நிறுத்தும் தந்திரம் வருகிறது. தந்திரம் என்று சொல்வது கடுமையாக இருக்கலாம். பல நேரம் நிர்வாகிகள் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் விளைவு ஒன்றுதான். முந்நூறு குழந்தைகள் படிக்கும் கட்டடத்துக்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆவது பிரிவுகளின் கீழ் பூட்டி முத்திரை வைக்கும் நோட்டீஸ் வந்தால் பெற்றோர் மறியலில் உட்காருகிறார்கள், பத்திரிகைகள் படம் போடுகின்றன, தேர்வு முடியட்டும் என்று நீதிமன்றம் அவகாசம் தருகிறது. தேர்வு முடிகிறது, அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்குகிறது. குறைந்தபட்ச நில அளவு இல்லாத நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் தற்காலிக அங்கீகாரம் நீட்டிக்கப்பட்டது இந்தச் சங்கடத்தால்தான். கல்வி உரிமைச் சட்டம் இதை எதிர்பார்க்காமல் இல்லை. அதன் 18-ஆவது பிரிவு அங்கீகாரமில்லாமல் பள்ளி நடத்துகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையிலும் அபராதம் என்கிறது. அதே பிரிவு, அங்கீகாரத்தைத் திரும்பப் பெறும் ஆணையில் அங்கே படிக்கும் பிள்ளைகளை அருகிலுள்ள எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்கிறது. பெற்றோர் இந்த வரியை அறிந்து வைத்திருக்க வேண்டும். பள்ளி மூடப்பட்டால் உங்கள் பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு; அதற்காக விதிமீறிய நிர்வாகத்துக்குக் காவல் நிற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சேர்க்கும் முன்பே அங்கீகார ஆணையின் நகலையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேட்பது இன்னும் நல்லது. கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸ் எண்ணைக் கொடுக்க முடியாத பள்ளி, எவ்வளவு அன்பாக நடத்தினாலும், மாற்றுச் சான்றிதழ் தரும் நாளில் கையை விரிக்கும்.

இந்த வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. இவ்வளவு கெடுபிடி செய்தால் பணக்காரப் பள்ளிகள் மட்டும்தான் பிழைக்கும், சிறிய அறக்கட்டளைகள் அழிந்துபோகும் என்பது அது. இதில் பாதி உண்மை. மெட்ரிக் பள்ளிகளுக்கு அரசு அமைத்த சிட்டிபாபு குழு வகுத்த நில அளவைப் பாருங்கள்: மாநகராட்சியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது கிராமத்துக் குழந்தைக்கான பள்ளிக்கு மாநகரக் குழந்தையின் பள்ளியைப் போல ஒன்பது மடங்கு நிலம் வேண்டும். குழந்தையின் தேவை ஊருக்கு ஊர் ஒன்பது மடங்கு மாறுவதில்லை. நிலத்தின் விலைதான் மாறுகிறது. விலையைப் பார்த்து வகுத்த அளவைப் பாதுகாப்பின் பெயரால் வற்புறுத்தினால், கிராமத்தில் அறுபது பிள்ளைகளோடு தொடக்கப் பள்ளி நடத்த நினைப்பவர் தோற்றுப்போவார். மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பரப்பளவை நிர்ணயிப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. ஆனால் மறுப்பின் மற்றப் பாதி நிற்காது. சிறிய பள்ளிக்கு முன்கூட்டியே அனுமதி கேட்பது செலவு என்றால், பின்னால் மாட்டிக்கொள்வது அதைவிடப் பெரிய செலவு. ஓர் எடுத்துக்காட்டு போதும்: வீட்டு மின் இணைப்பிலேயே பள்ளியை ஓட்டுகிறவர்கள் பலர். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, இணைப்பு பெற்ற நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துவது அங்கீகரிக்கப்படாத பயன்பாடு. அது கண்டுபிடிக்கப்பட்டால் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கணக்கிடப்படும், எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்துக்கு. சொத்து வரி, உரிமம், வங்கிக் கடன் என்று ஒவ்வொரு மேசையிலும் இதே கதைதான். நன்கொடை தருகிறவர்களும் இப்போது திட்ட அனுமதி எண்ணைக் கேட்கிறார்கள். சிறிய அறக்கட்டளை தாங்க முடியாதது தாமதத்தைவிட இந்த அதிர்ச்சிகளைத்தான்.

எதிர்வீட்டுக்காரர்களின் பக்கமும் பேச வேண்டும். பள்ளி வந்தால் தெருவில் நெரிசல், இரைச்சல், வேன்களின் ஹாரன் என்று அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி நியாயம். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி 55 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒலிபெருக்கி வைத்த காலை வணக்கக் கூட்டம் இதை எளிதாகத் தாண்டும். ஆனால் ஆட்சேபம் எதைப் பற்றியது என்பதில் ஒரு கோடு இருக்கிறது. விளைவுகளைப் பற்றிய ஆட்சேபத்தை அதிகாரி கேட்டாக வேண்டும். வருகிறவர்கள் யார் என்பதைப் பற்றிய ஆட்சேபத்துக்கு அவர் காது கொடுக்கவே கூடாது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியோ, குப்பத்துப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியோ தெருவுக்கு வரும்போது “மனை விலை குறைந்துவிடும்” என்று எழும் குரலில் போக்குவரத்து ஒரு சாக்கு மட்டுமே. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கிளிபர்ன் நகரம் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லத்துக்கு மட்டும் தனி அனுமதி கேட்டு, பிறகு மறுத்தது. 1985-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அக்கம்பக்கத்தாரின் அச்சமும் வெறுப்பும் நிலப் பயன்பாட்டு முடிவுக்குக் காரணமாக முடியாது என்று அதை ரத்து செய்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1950-இலிருந்து டோவர் திருத்தம் என்றே ஒரு சட்டம் இருக்கிறது. லாப நோக்கமற்ற கல்விப் பயன்பாட்டைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து உள்ளூர் நகராட்சி விலக்கி வைக்க முடியாது. உயரம், இடைவெளி, வாகன நிறுத்தம் போன்றவற்றில் நியாயமான நிபந்தனை விதிக்கலாம். நம்மூரில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்றாலும் அது போடும் கோடு நமக்கும் உதவும். வரலாமா என்பதைத் தடுக்காதே, எப்படி வரலாம் என்பதைக் கட்டுப்படுத்து. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பாகுபாட்டைத் தடை செய்வதோடு நிற்கவில்லை. அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக் கூடாது என்று 44-ஆவது பிரிவில் சொல்கிறது. சிறப்புப் பள்ளி மட்டுமல்ல, எந்தப் பள்ளியும் சாய்தளம் இல்லாத வரைபடத்தோடு போனால் திருப்பி அனுப்பப்பட வேண்டியதுதான்.

இதில் தெருவாசிகள் பலரும் யோசிக்காத ஒரு மறுபக்கம் உண்டு. முறையாக அனுமதி பெற்ற பள்ளி தெருவுக்குச் சில கவசங்களைக் கொண்டுவருகிறது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது. டாஸ்மாக் கடை மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் வரக் கூடாது. ஆனால் கடை முதலில் இருந்து பள்ளி பிறகு வந்தால் இந்த விதி கைகொடுக்காது. அரசு அறிவித்தால் சுற்றியுள்ள 100 மீட்டர் அமைதிப் பகுதியாகி, பகல் நேர ஒலி வரம்பு 50 டெசிபலாக இறங்கும். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரருக்கு இது நஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. அனுமதியற்ற பள்ளியோ இந்தக் கவசங்களை உரிமையோடு கேட்க முடியாமல் தவிக்கும். புகார் கொடுத்தால் தன் குட்டே வெளிப்படும் என்ற பயம் அதற்கு இருக்கும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அறக்கட்டளை மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல் ஆகியவற்றோடு அந்தச் சர்வே எண்ணின் வகைப்பாட்டையும் எழுத்தில் பெற வேண்டும். மனைப்பிரிவு அனுமதி பெற்றதா, விற்பனைப் பத்திரத்தில் “குடியிருப்புக்கு மட்டும்” என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாலையின் அகலத்தைத் தரகர் சொன்னபடி எழுதிக்கொள்ளாமல் டேப் வைத்து அளக்க வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் முப்பதடி என்றிருக்கும் சாலை மனைக்கு முன்னால் இருபத்திரண்டு அடியாகச் சுருங்கி நிற்பது இங்கே சாதாரணம். வாடகைக் கட்டடம் என்றால் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகை வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பிப் பள்ளி நடத்த முடியாது. விண்ணப்பத்தோடு, வேன்கள் வளாகத்துக்குள்ளேயே திரும்பும் வரைபடம், வகுப்புகள் தொடங்கும் நேரத்தைக் கால் மணி இடைவெளியில் பிரிக்கும் திட்டம், அதிகபட்ச மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாங்களே நிபந்தனையாக எழுதிக் கொடுப்பது புத்திசாலித்தனம். கேட்ட பிறகு கொடுத்தால் அது சமரசமாகத் தெரியும், கேட்கும் முன் கொடுத்தால் தெருவே பாதி சமாதானமாகும். வகைப்பாடு ஒத்துவராவிட்டால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின் கீழ் நில மறுவகைப்பாட்டுக்கு மனுச் செய்யலாம். அப்போது நாளிதழில் விளம்பரம் வந்து ஆட்சேபங்கள் கேட்கப்படும். அனுமதி மறுக்கப்பட்டால் 79-ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு உண்டு. பூட்டி முத்திரையிடும் நடவடிக்கைக்கு எதிராக 80-ஏ பிரிவின் கீழ் அரசிடம் போகலாம்.

குடியிருப்போருக்கும் வழிகள் இருக்கின்றன, கேட்டை மறித்து உட்காருவதைவிட நல்ல வழிகள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அந்த முகவரிக்கான திட்ட அனுமதி நகலையும், அதில் எந்தப் பயன்பாடு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதையும், தீயணைப்புச் சான்றின் செல்லுபடித் தேதியையும் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திட்டக் குழுமத்துக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுதலாம். அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மறுவகைப்பாட்டு விளம்பரம் வந்தால் கெடு முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். பள்ளி கட்டி முடித்த பிறகு எழும் ஆட்சேபத்துக்குக் கல்வி அலுவலகத்தில் மதிப்பு குறைவு, நீதிமன்றத்திலும் தாமதம் கேள்வியாகும். ஆட்சேபத்தில் ஹாரன், வாகனம், சாக்கடை, தண்ணீர் என்று அளக்கக் கூடியவற்றை எழுதுங்கள். வேன்களைப் பொறுத்தவரை 2012-ஆம் ஆண்டுப் பள்ளி வாகனச் சிறப்பு விதிகளே உங்கள் பக்கம் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அரசிடமே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: பள்ளிக்கென்று ஒதுக்கிய இடங்கள் என்ன ஆயின? பெரிய மனைப்பிரிவுகளின் அனுமதி வரைபடங்களில் பூங்காவோடு பள்ளிக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் விரிவான வளர்ச்சித் திட்டங்களிலும் இப்படி இடம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி ஒதுக்கீடு காலாவதியாகி நிலம் உரிமையாளரிடமே போய்விடும். பள்ளிக்கென்று குறித்த இடங்கள் இப்படிச் சத்தமில்லாமல் அடுக்குமாடிகளாகின்றன. மனைப்பிரிவுக்குள் ஒதுக்கிய பள்ளி மனையை விற்றுக் காசாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. குடியிருப்போர் நலச் சங்கங்கள் தங்கள் மனைப்பிரிவின் அனுமதி வரைபட நகலை வாங்கி, அந்த இடம் இன்று யார் பெயரில், என்னவாக இருக்கிறது என்று பார்க்கலாம். லாப நோக்கில்லாத அறக்கட்டளை ஒன்று தெருவுக்குள் வீடு தேடி அலைகிறது என்றால், அதே தெருவின் கோடியில் பள்ளிக்கென்று குறித்த மனை முட்செடி மண்டிக் கிடக்கிறதா என்பதைச் சங்கமும் அறக்கட்டளையும் சேர்ந்தே விசாரிக்கலாம். அந்த மனைக்கு வகைப்பாட்டு மாற்றம் கேட்டு அலைய வேண்டியதில்லை, சாலையும் பெரும்பாலும் அகலமாகவே விடப்பட்டிருக்கும்.